இறங்கிக்கொண்டே போன மார்க்

அத்தியாயம் 17

காலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி நடப்பதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆமாம், நடப்பதற்குத்தான். டிரைவிங் லைசென்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆட்களை ஃபெயிலாக்கிய மனுஷர். ரிட்டையராகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்த அட்டையும் கிளிப்பும் சிவப்புப் பேனாவும் அவர் கையை விட்டுப் போகவில்லை. இப்போது அவர் முன்னால் வண்டி ஓட்டிக் காட்ட யாரும் வருவதில்லை. அகப்பட்டது வீட்டில் ஒருத்திதான்.

"கையை வீசு! கைய வீசி நட!" என்று பெஞ்சிலிருந்தே கத்தினார். "பொட்டலத்தைத் தூக்கிட்டு ஓடறவ மாதிரி என்ன நடை அது?"

பக்கத்தில் நாயைக் கூட்டி வந்தவர் திரும்பிப் பார்த்தார். டெலிபோன் அம்மாவுக்குக் காது ஜிவுஜிவு என்று சூடானது. அந்தக் காதில் மெஷின் வேறு மாட்டியிருந்ததால் அவர் கத்தியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

போன அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவள் பெரிய ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள். அறுநூற்றுச் சொச்சம் எக்ஸ்டென்ஷன் நம்பரை விரல் நுனியில் வைத்திருந்தவள். அதனால்தான் இன்றும் குடியிருப்பில் அவளுக்கு டெலிபோன் அம்மா என்று பேர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அவள் கீழே இறங்கித் தபால் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரிடம் நின்று பேசிவிட்டு மேலே வந்தபோது, அக்கம்பக்கத்தார் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பால் பாத்திரம் கரிந்து, சமையலறை முழுக்கப் புகை. நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாலை அடுப்புல வெச்சுட்டு மறந்து போயிட்டா."

அவளுக்குப் பால் வைத்த ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்று சொன்னாள். அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அன்று ஆரம்பித்தது இந்தப் பரீட்சை. மருந்துக்கடை வைத்திருக்கும் மகள் டாக்டரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தினமும் நாற்பது நிமிட நடை. பிரஷர் மாத்திரை வேளை தவறாமல். உப்பும் சர்க்கரையும் குறைய வேண்டும், கீரையும் மீனும் கூட வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம். காதைச் சோதிக்க வேண்டும், புதிதாக ஏதாவது கற்க வேண்டும், நாலு பேரோடு பேசிப் பழக வேண்டும். பட்டியலின் கடைசியில், 'அப்பா தினமும் இருபது கேள்வி கேட்டு மார்க் போடட்டும்' என்று எழுதினாள். அந்தக் கடைசி வரிதான் வினையாகப் போனது.

இன்றைக்கு வியாழக்கிழமை. பத்தரை மணிக்கு ஞாபக கிளினிக்கில் டாக்டர் பார்க்கிறார். இன்றைய சோதனையில் அவள் தேறாவிட்டால், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். மகள் அங்கே இடம் சொல்லி வைத்தாயிற்று.

தேற வேண்டும். தன் வீட்டில், தன் கட்டிலில், தனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று நாலு பேர் அறிய இருக்க வேண்டும். டெலிபோன் அம்மாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் மழையானாலும் பனியானாலும் எழுநூறு நாளாக நடக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார். அவள் முன்னால் சர்க்கரை இல்லாத டீயையும், எண்ணி எடுத்த ஆறு வால்நட்டையும் நகர்த்தினார். அவருக்கும் பிரஷர் உண்டு. அந்த மாத்திரை பிரிக்காமலே கிடக்கிறது. காது மந்தம், சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். டி.வி. முன்னால் உட்கார்ந்தால் அசைய மாட்டார். ஒருதரம் அவள், "நீங்களும் கூட நடங்களேன்" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். "பரீட்சை வைக்கிறவன் பரீட்சை எழுதுவானா?" என்று கேட்டு ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்.

"ஆரம்பிக்கலாமா? உக்காரு நேரா. முதல் கேள்வி. இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

அட்டையில் செருகியிருந்த விடைத்தாளை அவர் பார்த்தார். தானே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்கிற விடைத்தாள். உதட்டைப் பிதுக்கினார்.

"புதன். பெரிய தப்பு."

சிவப்புப் பேனா சர்ரென்று இழுத்தது. அவருடைய கணக்கில் சின்னத் தப்பு, பெரிய தப்பு என்று இரண்டு வகை. சின்னத் தப்பு என்றால் சிக்னல் போட மறப்பது. பெரிய தப்பு என்றால் ஆள் மேல் ஏற்றுவது.

"இன்னிக்கு டாக்டர் கிட்டப் போறோம். வியாழக்கிழமை பத்தரைன்னு நீங்கதான் நேத்து சொன்னீங்க" என்றாள் அவள்.

"எதிர்த்துப் பேசறியா? அதுவும் இந்த நோயோட லட்சணம்தான். தனக்குத் தெரியலங்கறதே தெரியாது. அடுத்தது. நம்ம வீடு எத்தனாவது மாடி?"

"நாலு."

விடைத்தாளை மறுபடி பார்த்தார். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "சரி" என்றார், மனசில்லாமல்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மாதிரி 'புதன், பெரிய தப்பு' என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளுக்குள் நொறுங்கியிருப்பாள். பல நாள் பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். வியாழன் என்று நினைத்தோமே, அது எங்கே போயிற்று என்று தன் மண்டையைத் தானே தட்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அழுகை வரவில்லை. மூலையில் கிடந்த செய்தித்தாளைப் பார்த்தாள். நேற்றைய தாள். அதைப் பார்த்துத்தான் மனுஷர் விடைத்தாள் எழுதியிருக்கிறார்.

ஃபிரிட்ஜ் கதவில் மார்க் வரைபடம் தொங்கியது. மகள் கட்டம் போட்டுக் கொடுத்தது, இன்ஸ்பெக்டர் தினமும் புள்ளி வைப்பது. முதல் ஆறு மாதம் பதினெட்டு, பத்தொன்பது. பிறகு பதினைந்து. பிறகு பன்னிரண்டு. போன மாதம் எட்டு. மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போன அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்து 'ச்சு' கொட்டினார்கள். ஆனால் இந்தக் கடைசி ஆறு மாதத்தில் அவள் செஸ் கற்றுக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக்கைப் பதினொரு தடவை தோற்கடித்திருந்தாள். அந்த ஆள் இப்போது அவளைக் கண்டாலே படிக்கட்டு வழியாக இறங்கிப் போகிறான்.

இறங்கியது யார் மார்க் என்று அவளுக்குப் போன வாரம்தான் லேசாகச் சந்தேகம் தட்டியது. சே, அப்படி இருக்காது என்று தள்ளிவிட்டாள்.

ஒன்பது மணிக்கு அவருடைய கோட்டை பிரஷ் போட எடுத்தாள். உள்பையில் மடித்த காகிதம் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. பிரித்தாள். இன்ஸ்பெக்டரின் அச்சு மாதிரியான கையெழுத்து.

'நாலாவது மாடி. இடது கதவு. மகள்: மருந்துக்கடை, அவளே வருவாள். இன்று டாக்டர். மனைவிக்குத்தான், எனக்கு இல்லை. மனைவி: கண்ணாடி போட்டிருப்பாள்.'

டெலிபோன் அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். நாற்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இவர் எழுதி வைத்திருக்கிற அடையாளம்.

முதலில் பாவம் என்று தோன்றியது. அந்தப் பாவம் ஒரு நிமிடம் நின்றது. பிறகு எழுநூறு நாளின் 'பெரிய தப்பு' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசை கட்டியது. எல்லாமே ஞாபகம் இருந்தது அவளுக்கு, தேதியோடு. நடையும் தூக்கமும் வால்நட்டும் வீண் போகவில்லை.

சீட்டைத் திருப்பிக் கோட்டில் வைக்கவில்லை. தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

* * *

மகள் காரோடு வந்தாள். இன்ஸ்பெக்டர் வழக்கம்போல முன் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணாடி பாத்தியா? பின்னாடி பாத்தியா? ம், எடு."

"பாத்தேன்பா."

"நான் இல்லன்னா இந்த வீட்டுல ஒருத்திக்கும் ஒண்ணும் ஓடாது" என்றார். பின் சீட்டுக்குத் திரும்பி, "அங்க போய் மானத்தை வாங்காதே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. உளறாதே" என்றார்.

கிளினிக் வராந்தாவில் வரிசையாக நீல நாற்காலிகள். இன்ஸ்பெக்டர் பாத்ரூம் போனார். கதவு வரை மகள் கூடவே போய்விட்டு, வெளியே காத்திருக்கும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். பாத்ரூமுக்கு எதற்கு அவருக்கு ஆள் என்று டெலிபோன் அம்மா ஒரு கணம் யோசித்தாள்.

மகள் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து சீட்டை அவள் மடியில் வைத்தாள். "இதைப் படி."

மகள் படித்தாள். முகத்தில் அதிர்ச்சியைத் தேடினாள் அம்மா. இல்லை. சோர்வுதான் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

மகள் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நாலு மாசமா தெரியும்மா."

"நாலு மாசமாவா?"

"மார்க் ஷீட்டை டாக்டர் கிட்டக் காட்டறதுக்காக எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். நீ சொன்ன பதிலையும் பக்கத்துலயே எழுதியிருந்தார் இல்ல? எல்லாம் சரியான பதில். தப்புன்னு போட்டவர்தான் தப்பு. அப்புறம் எதிர்வீட்டுத் தையல்காரர் கிட்டயும் கேட்டேன். அன்னிக்கு அடுப்புல பால் வெச்சது அப்பாதானாம். அவர் கையில பாத்திரத்தோட நின்னதை ஜன்னல் வழியா பாத்திருக்கார். வயசானவரைக் காட்டிக் குடுக்க வேண்டாம்னு விட்டுட்டாராம்."

"வயசானவரை" என்றாள் அம்மா. "எனக்கு என்ன, பதினாறா?"

"அம்மா, மெதுவா பேசு."

"நாலு மாசமா தெரிஞ்சும் அந்தப் படத்தை ஃபிரிட்ஜ்ல இருந்து எடுக்கல நீ. நான் பாத்ரூம்ல போய் அழுதது தெரியுமா உனக்கு?"

மகள் அவள் கையைப் பிடித்தாள். வராந்தாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கேளும்மா. போன வருஷமே டாக்டர் லேசா சந்தேகப்பட்டு, 'உங்களையும் பாத்துடலாமா சார்'னு கேட்டாங்க. அப்பா ஃபைலைத் தூக்கி எறிஞ்சார், ஞாபகம் இருக்கா? நோயாளின்னு சொன்னா அவர் எங்கயும் வர மாட்டார். செத்துப் போவார்மா. அந்த இல்லத்துல ஒரு ரூம்ல ரெண்டு பேர் இருக்கலாம். ஒருத்தர் நோயாளி, ஒருத்தர் துணை. நீ நோயாளின்னா, அப்பா துணைக்குன்னு தலை நிமிந்து வருவார். அங்க போயிட்டா அவங்க பாத்துப்பாங்க. அவருக்கும் தெரியாம அவரைப் பாத்துப்பாங்க."

டெலிபோன் அம்மாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் மகள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"அதுக்கு?"

"இன்னிக்குக் கொஞ்சம் தப்பா சொல்லும்மா. எல்லாம் வேண்டாம். அஞ்சாறு கேள்வி போதும்."

நர்ஸ் யாரையோ கூப்பிட்டாள். யாரோ தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து போனார்.

"என் வீடு?"

"வீடு எங்க போகப் போகுது? பூட்டி வெச்சுக்கலாம்."

"என் புத்தி?"

"அது சரியா இருக்குன்னு உனக்கும் எனக்கும் தெரியுமே."

"ஊருக்கெல்லாம் நான் கிறுக்கி. உனக்கும் எனக்கும் மட்டும் ரகசியமா நான் தெளிவு. அப்படித்தானே?"

"நீ தாங்குவேம்மா" என்றாள் மகள். கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. "அவர் தாங்க மாட்டார். நீ எப்பவும் தாங்கியிருக்கே."

இதை ஒரு பாராட்டு மாதிரிதான் மகள் சொன்னாள். அதுதான் கொடுமை. வேறு எது சொல்லியிருந்தாலும் டெலிபோன் அம்மா ஒருவேளை இணங்கியிருப்பாள். கெஞ்சியிருந்தால், காலில் விழுந்திருந்தால், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவள் மனசு இளகியிருக்கும். சுமக்கிற கழுதைக்கு இன்னொரு மூட்டை என்று ஏற்றுகிற மாதிரி மகள் சொன்னதும், உள்ளே எதுவோ கதவைச் சாத்திக்கொண்டது.

"சரி" என்றாள்.

மகள் அதை நம்பினாள். பெற்றவள் சரி என்றால் சரிதான் என்று பழகிய பெண்.

* * *

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மேசையில் ஒரு தாளும் பென்சிலும். டெலிபோன் அம்மா எதிரில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில், மடியில் அட்டையோடு. மகள் சுவரோரம்.

"சார், நீங்க எழுத வேண்டாம். நான் எழுதிக்கறேன்" என்றார் டாக்டரம்மா சிரித்தபடி.

"ரெண்டு பேர் எழுதினா நல்லதுதான். எனக்கு முப்பத்திரண்டு வருஷ அனுபவம்" என்றார் இன்ஸ்பெக்டர். "கேளுங்க. எதுவும் எதிர்பார்க்காதீங்க."

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"வியாழன்." தேதி, மாதம், வருடம் எல்லாம் கேட்காமலே சேர்த்துச் சொன்னாள்.

சுவரோரம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் மூணு வார்த்தை சொல்றேன். அப்புறமா கேப்பேன். ஏணி, பஞ்சு, கத்தரிக்கோல். இப்ப நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வாங்க."

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு. இன்னும் போகட்டுமா?"

"போதும்மா." டாக்டரம்மா தாளிலிருந்து நிமிர்ந்தார். "கடிகாரம் வரைங்க. மணி பதினொண்ணு பத்து."

வரைந்தாள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்று கேட்டபோது, எக்ஸ்சேஞ்சில் லைன் மாற்றுகிற வேகத்தில் இருபத்தேழு சொன்னாள். ஏணி, பஞ்சு, கத்தரிக்கோல் என்று திருப்பிச் சொன்னாள். கூடவே, "போன தடவை நீங்க சொன்னது சாவி, மேகம், செருப்பு" என்றாள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"முப்பதுக்கு முப்பது. என்னம்மா பண்றீங்க தினமும்?"

"நடக்கறேன். தூங்கறேன். இனிப்பு இல்ல. காது மெஷின் போட்ட பிறகு பாதி மறதி போயிடுச்சு. அதுவரைக்கும் எனக்குக் காதுலயே விழாததை எல்லாம் மறந்துட்டேன்னு நினைச்சிட்டு இருந்தாங்க. செஸ் ஆடறேன். எல்லாம் இவர் புண்ணியம்."

இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு தன் அட்டையைப் பார்த்தார். அதில் அவர் ஒன்றுமே குறிக்கவில்லை.

இத்தோடு எழுந்து போயிருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீடு அவளுடையது, புத்தி அவளுடையது, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். நல்ல மனைவி என்றால் எழுந்திருப்பாள். டெலிபோன் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, அதன் முதுகைப் பிடித்துக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"அடுத்தது இவர். இவரையும் கேளுங்க டாக்டர்."

"அம்மா" என்றாள் மகள்.

"இதென்ன விளையாட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பயமா?" என்றாள் அவள், ரொம்ப மெதுவாக.

அந்த ஒரு சொல் போதும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்து நாலு வருடம் கற்ற பாடம். இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கேளுங்க!"

டாக்டரம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "சும்மா சாதாரணமாத்தான் சார். இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்" என்றார் கம்பீரமாக.

"மாசம்?"

கை கோட்டின் உள்பைக்குப் போனது. துழாவியது. இந்தப் பக்கப் பைக்குப் போனது. பேன்ட் பைக்குப் போனது. திரும்ப உள்பைக்கு வந்தது. சீட்டு இருந்த கைப்பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாசம்... அதான், இப்ப நடக்கற மாசம்."

"பரவாயில்ல. இது எந்த இடம்?"

"ஆபீஸ்" என்றார். உடனே, "இல்ல. இல்ல இல்ல. ஏய்," என்று அவள் பக்கம் திரும்பினார். எந்தக் கல்யாண வீட்டிலும், எதிரில் வருகிறவர் பெயர் தெரியாமல் போனால் இப்படித்தான் திரும்புவார். அவள் உதட்டை அசைக்காமல் சொல்லிக் கொடுப்பாள். எத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நூறுல இருந்து ஏழைக் கழிங்க சார்."

"நான் ஆயிரக்கணக்கான பேரை ஃபெயிலாக்கினவன் தெரியுமா?" குரல் உயர்ந்தது. "உங்களை மாதிரி எத்தனை பேர் என்கிட்ட வந்து அழுதிருக்காங்க தெரியுமா?"

"தெரியும் சார். கோவிச்சுக்காதீங்க. உங்க கூட வந்திருக்கறது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

இன்ஸ்பெக்டரின் முகம் தெளிந்தது. இது தெரியும். சுவரோரம் கையைக் காட்டினார். "என் மக. மருந்துக்கடை."

"இவங்க?"

அவர் திரும்பினார். டெலிபோன் அம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தைய நிமிடமே கூட்டில் வைத்து மூடியிருந்தாள்.

அவர் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தை வெகு நேரம் பார்த்தார். எழுந்து நிற்க வேண்டுமா என்று தயங்குகிறவர் மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் அவளிடம், மிக மரியாதையாக. "நீங்க யாருன்னு..."

மகள் கேவி அழுத சத்தம் கேட்டது.

"போதும் சார், போதும்" என்றார் டாக்டரம்மா. மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார். "சாருக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க."

நர்ஸ் அவரை வெளியே கூட்டிப் போனதும் டெலிபோன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை மறைத்து என்ன பயன்? இனித்தது. டாக்டரம்மா ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். ஸ்கேன் எடுக்க வேண்டும், தனியாக விடக்கூடாது, அடுப்புப் பக்கம் விடவே கூடாது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும். எல்லாம் அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றாள் மகள் வெளியே வந்ததும்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். வேற என்ன பண்ணினேன்?"

மகள் ஃபோனை எடுத்து இல்லத்துக்குப் போட்டாள். "ஆமா, நான்தான். ஃபாரத்துல நோயாளி பேரை மாத்தணும்... இல்ல, அப்பா பேரு. அவர்தான்."

தண்ணீர் மெஷின் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் காகித டம்ளர். நேராக மனைவியிடம் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இங்கதான் இருக்கியா? எங்கெல்லாம் தேடறது?" அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மகளின் அழுத கண்ணைப் பார்த்தார். புரிந்துகொண்டவர் போலத் தலையை ஆட்டினார். "ஃபெயிலா?"

அவள் கைப்பையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். 

"சரி விடு. அழாதே." டம்ளரை அவள் கையில் கொடுத்தார். "முதல் தடவைலயே யாரு பாஸ் பண்ணியிருக்காங்க? நான் கொஞ்சம் அதிகமா விரட்டிட்டேன் உன்னை. தெரியுது. அந்த இடத்துக்குப் போய்த்தான் ஆகணும்னா போலாம். நான் கூட வரேன். உன்னைத் தனியா விட்டுடுவேனா?"

நாற்பத்து நாலு வருடத்தில் இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. வராந்தா விளக்குகள் கண்ணில் கலங்கின. அந்த இனிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயெல்லாம் கசந்தது. அவர் வந்து இப்படிப் பேசியதற்காக அவர் மேலேயே அவளுக்கு ஆத்திரமும் வந்தது. இதை ஒருநாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா?

"ஒரு நிமிஷம் இருங்க" என்று மகள் ஃபோனைக் கையால் பொத்தினாள். "அம்மா. துணைக்கு யாருன்னு கேக்கறாங்க. உன் பேரைப் போடட்டுமா? துணை இல்லன்னா தனி ரூம் கிடையாதாம். ஹால்லதான் படுக்கை, பதினாறு பேரோட."

டெலிபோன் அம்மா டம்ளரைப் பார்த்தாள். தன் சமையலறையை நினைத்தாள். யாரும் பெஞ்சில் உட்கார்ந்து கத்தாத ஒரு காலை நடையை நினைத்தாள். நாற்பது நிமிடம், கையை வீசியோ வீசாமலோ, தன் இஷ்டத்துக்கு.

"காலியா விடு" என்றாள்.

"அம்மா!"

"என்ன கேக்கறா அவ?" என்றார் இன்ஸ்பெக்டர், காதுக்குப் பின்னால் கையை வைத்து.

"ஒண்ணுமில்ல. ஃபாரத்துல ஏதோ கேக்கறா."

"யோசிச்சு நிதானமா சொல்லு. பதட்டப்படாதே" என்றார் அவர். அவள் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வரலன்னா என்னைப் பாரு. நான் எடுத்துக் குடுக்கறேன்."

அவள் பார்க்கவில்லை. மகள் இன்னும் ஃபோனைப் பொத்தியபடியே நின்றாள். மறுமுனையில் யாரோ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.